இலையில் விழுந்த பித்தளை

என் லேத்தில் சீவிய பித்தளைத் துணுக்கு ஒன்று அம்மாவின் இலையில் விழுந்தால், அன்றைக்கு அவளுக்குப் பட்டினி. அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் நான் கழித்த ஒரு வருடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் சமணக் குடும்பம். அம்மா அந்த வருடம் ஒருவேளை நோன்பு எடுத்திருந்தாள். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு முறை இலை முன் உட்காருவாள். எழுந்தால் முடிந்தது, மறுநாள்தான் மறுசோறு. சாப்பிடும்போது சோற்றில் மயிரோ, எறும்போ, வேறு எதுவோ கண்ணில் பட்டுவிட்டால் அதற்கு அந்தராயம் என்று பெயர். பட்டதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிற வேலையெல்லாம் கிடையாது. கையிலிருக்கும் கவளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். பொழுது சாய்கிறவரை வடிகட்டிய வெந்நீர் குடிக்கலாம். அவ்வளவுதான்.

நோன்புக்குக் காரணமே நான்தான். பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போனவன், ஒரு பட்டறையில் உலோகத்தைச் சுற்றவிட்டுச் சீவுகிற லேத்து மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டு ஏழு வருடம் அங்கேயே கிடந்தேன். தீபாவளிக்கு வருவேன், மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. நைனா இறந்த அன்றுகூட எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன். அதற்காக அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் ஊரோடு வந்துவிட்டால் ஒரு வருடம் ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று சித்தாமூர் கோயிலில் நின்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாளாம். தை மாதம் நான் பெட்டியோடு வந்து இறங்கிய மறுவாரமே காலைப் பலகாரத்தையும் சாயங்காலச் சோற்றையும் நிறுத்திவிட்டாள். வயிறு சரியில்லையோ என்று நான் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

நான் பெட்டியோடு மட்டும் வரவில்லை. மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து நாலரை அடிப் பழைய லேத்து ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். நைனா மல்லாட்டைக் கடலை மூட்டை அடுக்கிவைத்திருந்த பின்கட்டு அறையைக் காலி செய்து, தரையைக் கெட்டிப்படுத்தி, நாலு பேராகத் தூக்கி உட்கார வைத்தோம். அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கிணற்றடி முற்றம். எண்ணிப் பார்த்தால் பத்துத் தப்படி. அந்தப் பத்துத் தப்படியை அப்போது நான் யோசிக்கவே இல்லை.

சுற்றுவட்டாரத்தில் பம்புசெட் வந்துகொண்டிருந்த காலம். சிங்கவரத்திலிருந்தும் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் தேய்ந்த ஷாஃப்டை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தண்ணீர் நின்று பயிர் காய்கிறது, இப்பவே வேண்டும் என்று தலைமேல் நிற்பார்கள். அவசரக்காரனுக்கு அவசரக்காரர்கள்தான் வந்து சேருவார்கள் போலிருக்கிறது. முக்கால்வாசி வேலை ஷாஃப்டு சுற்றுகிற இடத்தில் மாட்டும் புஷ், அது பித்தளை. இரும்பைச் சீவினால் நீளநீளச் சுருளாக வரும், கொக்கியால் இழுத்து மூலையில் போடலாம். வார்ப்பிரும்பு பொடியாக அப்படியே கீழே உதிரும். பித்தளைக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. உளி பட்ட இடத்திலிருந்து உமியைவிடச் சிறிய துணுக்காக, சுடச்சுட, நாலு பக்கமும் தெறிக்கும். கழுத்தில் விழும், சட்டைக்குள் போகும், காதில் உட்காரும். சென்னைப் பட்டறையில் அதை யாரும் பொருட்படுத்தியதில்லை. அங்கே பக்கத்தில் யாரும் நோன்புச் சோறு சாப்பிடவில்லை.

முதல் துணுக்கு ஆனி மாதம் விழுந்தது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவி தொண்டூர்க்காரி, வாய் சுள்ளென்று இருக்கும். மிஷின் முன்னால் வந்ததா தான் முன்னால் வந்தோமா என்று எல்லாரிடமும் கேட்டுச் சிரிப்பாள். அன்று அவள் சிரிக்காமல் பின்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

“மிஷின நிறுத்துங்க.”

பெல்ட்டைத் தள்ளி நிறுத்தினேன்.

“அத்தை எழுந்துட்டாங்க. ரெண்டு வாய்கூட சாப்புடல. இலையில இது இருந்துச்சு.”

அவள் உள்ளங்கையில் மஞ்சளாக ஒரு பொட்டு. வெள்ளைச் சோற்றில் அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முற்றத்துக்கு ஓடினேன். அம்மா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது பித்தளைதானே, பூச்சி இல்லியே. இதுக்குக்கூடவா?”

“எதுவா இருந்தா இன்னா. சோறு இல்லியே” என்றாள். குரலில் குறை ஒன்றும் இல்லை. குறை இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று விழுந்தது. அரிசி களைந்து வடியவைக்கும் கூடை முற்றத்தில் இருப்பதுதான் காரணம் என்று மனைவி கண்டுபிடித்தாள். பின்கட்டுக் கதவு திறந்திருந்தால் துணுக்கு நேரே அங்கே வந்து விழும். கூடையை உள்ளே எடுத்துவைத்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன், அரைமணியில் மூச்சுத் திணறிவிட்டது. ஊரைச் சுற்றிப் பாறை, மேலே ஓடு, உள்ளே மோட்டார். கதவைச் சாத்த முடியாது. அப்படியென்றால் லேத்துக்கு மூடி போட வேண்டும்.

மறுநாள் வந்த வேலையை ஒதுக்கிவிட்டு மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெட்டிப் பிரித்தேன். தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். கையைக் கிழிக்காமலிருக்க ஓரங்களை மடித்தேன். பிறகு அரை வட்டமாக வளைத்து, வேலைத்துண்டைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்கு மேலே கவிந்து நிற்கும்படி, டிரங்குப் பெட்டியிலிருந்து கழற்றிய கீலால் பின்பக்கம் மாட்டினேன். தூக்கினால் திறக்கும், விட்டால் மூடும். மோட்டாரைப் போட்டதும் தகரம் அம்மை போட்ட குழந்தை மாதிரி நடுங்கிக் கத்தியது. இருக்கட்டும் என்று ஓட்டினேன். துணுக்குகள் உள்பக்கம் சடசடவென்று அடித்துக் கீழே விழுந்தன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமையோடு போய் அம்மா சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதுவரை அவள் சாப்பிடும் நேரத்தில் நான் வீட்டுக்குள் போனதே இல்லை. என் சோறு தூக்குச்சட்டியில் பின்கட்டுக்கு வந்துவிடும், நின்றுகொண்டே விழுங்கிவிடுவேன். அன்று போனேன். அம்மா சாப்பிடுமுன் கண்ணை மூடி மந்திரம் சொல்வாள். அப்போது தலையில் துண்டோடு யாரும் எதிரில் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். லேத்தடியில் தலையில் கட்டியிருந்த துண்டை வாசற்படியிலேயே அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் முதல் கவளத்தை எடுத்தபோது இலையோரம் ஒரு ஈ வந்தது. ஈ விழுந்தாலும் அந்தராயம்தான். அடிக்கவும் கூடாது. துண்டை எடுத்து இலைக்குமேல் மெல்ல வீசி ஓட்டினேன். அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றேன். அன்று ஒன்றும் விழவில்லை.

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. மணி பதினொன்றரை ஆனதும் எனக்குக் கை ஓடாது. ஓட்டுகிற வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பேன், பருப்பைக் கரண்டியால் கிளறிப் பார்ப்பேன். “நீங்களே சமைச்சிடுங்களேன்” என்று மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொள்வாள். இலை போட்டதும் துண்டும் கையுமாக அம்மா பக்கத்தில் நிற்பேன். நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள், பாசிப்பருப்பு பிசைந்த சோற்றில், அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில், அந்த மஞ்சள் பொட்டு.

அம்மா அதைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கவளத்தை இலையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பின்கட்டுக்குப் போய்த் தகர மூடியை ஓங்கி அறைந்தேன். காரணம் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். தகரத்தின் வழியாகப் பார்க்க முடியாதே, உளி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அடிக்கொரு தரம் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தூக்கும்போது தெறித்திருக்கும். பார்ப்பதற்கு ஒரு ஜன்னல் வேண்டும். கண்ணாடி வைத்தால் உடையும். அப்போது எனக்கு எக்ஸ்ரே படம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவரின் கிணற்று மோட்டாரை நான் சரிசெய்து கொடுத்திருந்தேன். யாரும் கேட்டு வராத பழைய படம் இரண்டை அவர் சுருட்டிக் கொடுத்தார்.

கிணற்றடியில் அண்டாவில் வெந்நீர் ஊற்றி, சலவைச் சோடா போட்டு, படங்களை ஊறவைத்தேன். மனைவி ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அலறினாள்.

“எவன் நெஞ்செலும்போ இருக்குது! இத்தையா வூட்டுக்குள்ள மாட்டப் போறீங்க?”

“எலும்பு போயிடும். தேய்ச்சா போயிடும்.”

“ஆளு இருக்கானா போயிட்டானான்னு தெரியாம எலும்ப மட்டும் தேய்ச்சு அழிக்கறீங்க.”

தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழுவழுவென்று கரைந்து போயிற்று. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக மறைந்து, லேசான நீலநிறத்தில் பளிங்கு மாதிரி ஒரு தகடு மிஞ்சியது. மூடியில் கையகலத்துக்கு ஓட்டை வெட்டி, அதைப் பட்டையடித்து ஆணியிறுக்கினேன். இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரித் தகரக் காதுகள் வைத்தேன். மூடியைத் தூக்காமலே உளி நுனி தெரிந்தது. சூடான துணுக்கு பட்டுப்பட்டு நீலத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கருகும். ஒரு மாதத்தில் மங்கிவிடும். மங்கினால் இன்னொரு நெஞ்செலும்பு இருக்கிறது என்று மனைவி சொல்வாள்.

ஆடி முழுக்கச் சரியாக இருந்தது. அந்த மாதம் இரும்பு வேலைதான் அதிகம் வந்தது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூடிதான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆவணியில் புஷ் வேலை திரும்பி வந்தது. மறுபடியும் இலையில் ஒரு பொட்டு.

இந்த முறை உளி மாட்டுகிற இடத்திலேயே குட்டி மூடி ஒன்று செய்தேன். பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி, இரண்டாவது படத்தில் மிஞ்சியதை அதில் பதித்து, உளி நகர்ந்தால் கூடவே நகரும்படி முடுக்கினேன். பெரிய மூடி சக்கைக் காக்கும், சின்ன மூடி உளியைக் காக்கும். போதாதென்று கதவில் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். வேலைக்கு வருகிறவர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு குனிந்து வர வேண்டியிருந்தது. இன்னா சாமி, உள்ள பிரசவமா என்று ஒருவர் கேட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தூக்கம் குறைந்துபோயிருந்தது. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் முற்றத்தில் நடக்கத் தோன்றும். அரிசியை நானே முறத்தில் கொட்டி விரலால் பரப்பிப் பரப்பிப் பார்த்தேன். பொறுக்கிய அரிசியை மனைவி மறுபடி பொறுக்குவாள்.

புரட்டாசியில் ஒரு நாள் அம்மா கிணற்றடியில் கயிற்றைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு போயிற்று. அதற்கு முந்தின நாள் இலையிலிருந்து எழுந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் தூக்கி உட்காரவைத்தபோது அவள் கை எடையே இல்லாமல் இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்கு வாயில் கோபம்தான் வரும்.

“பேசாம மிஷின வித்துத் தொலைச்சிட்டு மெட்ராஸுக்கே போயிடறேன். நீயாவது நிம்மதியா சாப்புடு.”

அம்மா கண்ணைத் திறந்தாள். “இன்னா வேணா செய்யி. போறேன்னு மட்டும் சொல்லாத.”

சும்மா சொன்னேன் என்று சமாளித்தேன். சும்மா சொல்லவில்லை. சாயங்காலம் சென்னை பஸ் கடைவீதியில் ஹாரன் அடித்தால் பின்கட்டு வரைக்கும் கேட்கும். கேட்கிறபோதெல்லாம் என் கை லேத்தின் கைப்பிடியில் ஒரு நொடி நிற்கும். கல்யாணமாகி, மிஷின் போட்டு, ஊர்க்காரனாகிவிட்ட பிறகும் அது நிற்கத்தான் செய்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்து, ஒரு நாள் வோல்டேஜ் விழுந்து மோட்டார் புகைந்துவிட்டது. அதைக் கழற்றி, உள்ளே கருகிய காயில் கம்பியை மாற்றிக் கட்டித் தரச் சொல்லித் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். வர நாலு நாளாகும் என்றார்கள். அந்த நாலு நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பெல்ட்டுக்கு விளக்கெண்ணெய் தடவினேன். மூடியின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். சரியாக இருந்த பட்டையைப் பிரித்து மறுபடி அடித்தேன். மழையில் கடைவீதிவரை போய் ஒரு காரியமும் இல்லாமல் திரும்பினேன். ஒரே ஒரு ஆறுதல்: லேத்து நிற்கிறது, அம்மா நாலு நாளும் வயிறாரச் சாப்பிடுவாள்.

முதல் நாளும் இரண்டாம் நாளும் சாப்பிட்டாள். நானும் பழக்கம் விடாமல் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டு நின்றேன். மழைக்காலத்து ஈ, விரட்ட விரட்ட வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பாதிச் சாப்பாட்டில் அம்மாவின் கை நின்றது. குனிந்து பார்த்தேன். புடலங்காய்க் கூட்டுக்கும் சோற்றுக்கும் நடுவில், மஞ்சளாக, மின்னிக்கொண்டு.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. லேத்து மூன்று நாளாக ஓடவில்லை. மோட்டாரே ஊரில் இல்லை. அரிசியை நான் பொறுக்கினேன், மனைவி பொறுக்கினாள். தண்ணீரைத் துணியில் வடிகட்டினோம். பிறகு எங்கிருந்து?

அம்மா எழுந்துவிட்டாள். மனைவி எழவில்லை. பரிமாற உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். சுவரில் சாய்த்திருந்த முறத்தை எடுத்துத் தரையில் போட்டாள். துண்டின் இரண்டு நுனியைப் பிடித்து முறத்துக்குமேல் ஒரு உதறு உதறினாள்.

மழைத் தூறல் மாதிரி ஒரு சின்னச் சத்தம். நாங்கள் மூவரும் முறத்தைப் பார்த்தோம். பத்துப் பதினைந்து துணுக்குகள், பழைய மூங்கில் பின்னலில் மஞ்சளாகக் கிடந்தன. இன்னொரு முறை உதறினாள். இன்னும் நாலு விழுந்தன. எத்தனை முறை துவைத்த துண்டு! நூலிழைக்குள் ஊசியாகக் குத்திக்கொண்டு, துவைப்புக்கும் வராமல் இருந்துவிட்டு, வீசுகிற வீச்சில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்திருக்கின்றன.

நான் லேத்துக்கு மூடிமேல் மூடி போட்டேன். கதவுக்குச் சாக்குப் போட்டேன். கடைசியில், அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு பத்துத் தப்படி நடந்து வந்து, அம்மாவின் இலைக்கு நேர்மேலே நின்று நானே உதறியிருக்கிறேன். ஈ விழுந்துவிடக் கூடாது என்று.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மாவைப் பார்க்க முடியவில்லை. “எனக்குத் தெரியலம்மா” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

மனைவி திரும்பினாள். “இன்னா தெரியும்?”

“துண்டுலருந்துதான் விழுதுன்னு. பருப்புச் சோத்துல விழுந்துச்சே, அன்னிக்கே பாத்தேன். வீசறப்ப விழுந்துச்சு.”

ஆனியில், அந்த முதல் தகர மூடி போட்ட வாரத்தில் விழுந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை நாள், எத்தனை மூடி, எத்தனை இலை! என் பயமெல்லாம் ஒரே நொடியில் கோபமாகிவிட்டது.

“தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா? கெணத்தாண்ட மயங்கி உழுந்தியே, அப்பவாவது சொல்லக் கூடாதா? துண்ட எடுத்து வெளிய போடுடான்னா போட்டுட்டுப் போறேன். இதுல இன்னா இருக்குது?”

அம்மாவின் கையில் ஒட்டியிருந்த பருக்கை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சொன்னா துண்ட மட்டுமா வெளிய போடுவ” என்றாள். “நீயும் வெளியவே நின்னுடுவ. தூளு உழுந்துடும்மா, நான் வரலன்னுடுவ. மெட்ராஸுல ஏழு வருஷம் இருந்த. வந்தும் மிஷின் வூட்லயேதான் இருந்த. இத்து உழுந்ததுக்கு அப்புறந்தான் தெனம் வந்து எம் பக்கத்துல நின்ன. ஒரு வேள சோறு போனா போவுதுன்னு உட்டுட்டேன்.”

சொல்லிவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

மனைவி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். “இந்த வூட்டுல யாருக்குமே வாயே கெடையாதா? அம்மாவும் சொல்ல மாட்டாங்க, புள்ளயும் கேக்க மாட்டாரு. நடுவுல நான் அரிசிய ரெண்டு தபா பொறுக்கிக்கினு கெடந்தேன்.” நான் பின்கட்டுக்குப் போய் ஓடாத லேத்தின் முன்னால் நின்றேன். மூடியைத் தூக்கினேன், விட்டேன். தூக்கினேன், விட்டேன். நன்றாகத்தான் செய்திருந்தேன். சாயங்காலம் பஸ் ஹாரன் கேட்டபோது அம்மா ஒரு லோட்டா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்கு அன்றைய கடைசி ஆகாரம்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கிணற்றில் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். காதுமடல்வரை தேய்த்தேன். மனைவி துவைத்து வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், வெறுங்கையோடு உள்ளே போனேன். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கப் போனேன். அங்கே ஒரு இலை போட்டிருந்தது. அம்மாவின் இலைக்குப் பக்கத்தில், இரண்டாவதாக.

“உக்காரு” என்றாள் அம்மா.

“நான் அப்புறமா சாப்டறேன். ஈ வரும்.”

“அவ பாத்துக்குவா. நீ உக்காரு.”

மனைவி பனையோலை விசிறியோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தேன். அம்மா கண்ணை மூடி மந்திரம் சொன்னாள். எனக்குக் கால் சும்மா இருக்கவில்லை, மடித்த முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் இலையைப் பார்க்கக் கழுத்து திரும்பியது. பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு என் சோற்றைப் பிசைந்தேன். நான் நின்றுகொண்டு நாலு வாயில் விழுங்கிப் பழகியவன். உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு நேரமாகும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பருப்பு, கூட்டு, மோர் என்று அம்மா எல்லாம் சாப்பிட்டாள். ஒன்றும் விழவில்லை. அவள் இலை காலியானபோது என் இலையில் பாதிச் சோறு இருந்தது. அவளுக்கு அன்றைய சாப்பாடு முடிந்துவிட்டது, இனி உட்கார்ந்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுந்து கை கழுவிக்கொள் என்று சொன்னேன்.

“நீ சாப்டு” என்றாள்.

நான் மறுசோறு வாங்கிக்கொண்டேன். கடைசி மோரையும் குடித்து இலையை மடிக்கும்வரை, கை காயக் காய, அவள் எழுந்திருக்கவில்லை.